காலி அட்டை

“ஒரு கடைக்காரன் உன்னைத் திரும்பத் திரும்ப வரவழைச்சான்னா, ஒண்ணு அவன்கிட்ட சரக்கு இல்ல, இல்லேன்னா…”

பெரியப்பா அடிக்கடி சொல்வார். இல்லேன்னா என்ன என்பது மட்டும் அவனுக்கு மறந்துவிட்டது. மருந்துக்கடை வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றபடி, மீதியை அவனே நிரப்பிக்கொண்டான். இல்லேன்னா காசு பிடுங்கி!

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைக்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட மிச்சமில்ல. சமர்த்து!”

அவனுக்குச் சுருக்கென்றது.

“என்னப்பா இது? வீட்டுப்பாடம் காட்டற மாதிரி?”

“வாராவாரம் இப்படித்தான்டா. நீ சும்மா இரு.”

அவன் சும்மா இருக்கவில்லை. மருந்துச்சீட்டை முன்னால் தள்ளினான்.

“நேத்து வேற ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். மூணு மாசத்துக்கு எழுதியிருக்கார். மொத்தமா கொடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட். அப்புறம் இவரைக் கூட்டிட்டு வர ஆளில்ல.”

அவள் சீட்டை நிதானமாகப் படித்தாள்.

“ஒரு வாரத்துக்குத்தான் தருவேன் சார்.”

“ஏன், ஸ்டாக் இல்லையா?”

“இருக்கு.”

“அப்போ?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, சுவரில் ஒட்டியிருந்த இருமல் மருந்து விளம்பரக் குழந்தையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயாவுக்கு அப்படித்தான் சார் கொடுக்கறது.”

“முன்னாடி நின்ன அம்மாவுக்கு மட்டும் பை நிறைய அள்ளிக் கொடுத்தீங்க?”

அவள் சீட்டை மடித்தாள்.

“அட, இதுகூடப் புரியலையா உங்களுக்கு?” வரிசையில் பின்னால் குடையோடு நின்ற ஒருவர் உதவிக்கு வந்தார். “வர்றப்பல்லாம் ஒரு சோப்பு, ஒரு பவுடர்னு தலையில கட்டலாமில்ல!”

வரிசையே சிரித்தது.

“வயசானவரை இப்படி அலையவிடறீங்களே, மனசாட்சி இருக்காம்மா உங்களுக்கு?” என்று சத்தம் போட்டான் அவன்.

கடைக்காரம்மாவின் முகம் சிவந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவைப் பார்த்து மட்டும், “பார்த்துப் போங்க ஐயா” என்றாள்.

அடுத்த தெருக் கடையில் ஒரு கேள்வி கிடையாது. சீட்டைப் பார்த்தார்கள், பையை நிரப்பினார்கள், வாய் நிறையச் சிரித்தார்கள்.

“இதுதாம்பா கடை!” என்றான்.

வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். அப்பா அந்தப் பக்கமே வராமல் வாசலருகில் நின்றார்.

“அதை உன் பெட்டியில வெச்சுப் பூட்டுடா.”

“எனக்கு எதுக்குப்பா உங்க மாத்திரை? ஆபீஸ் போனா பிரஷர் தானா எகிறும், மாத்திரையால ஒண்ணும் ஆகாது.”

“என் கைக்கு எட்டற இடத்துல வேண்டாம்டா.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“உங்கம்மா போனப்புறம் தூக்கம் வரலைன்னு மாத்திரை கொடுத்தாங்க. நான் முழுங்கல. உங்கம்மாவோட மூக்குக்கண்ணாடிக் கூட்டுலயே போட்டு வெச்சுட்டு வந்தேன். அவ இல்லாத வீட்ல எனக்கென்ன வேலை, போதுமானது சேரட்டும்னு இருந்தேன்.”

“அப்பா…”

“நீ ஃபோன் பண்ணினா, சாப்பிட்டியா தூங்கினியான்னு கேப்பே. ஆச்சுன்னுடுவேன். அந்தக் கடைப் பொண்ணுதான் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, ‘மாத்திரை முழுங்கறவர் கண்ணு இப்படியிருக்காதே, சேர்த்து வைக்கறீங்களா ஐயா’ன்னு நேராக் கேட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. உள்ளே உட்கார வெச்சு, அப்பவே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினா. கடையைச் சாத்திட்டு என்கூட வீட்டுக்கு வந்து கூட்டோட வாங்கிட்டுப் போனா. அன்னிலேர்ந்துதான் வாராவாரம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவங்க?”

“மகன்கிட்ட பேசட்டுமான்னு பார்க்கறப்பல்லாம் கேப்பா. நானே சொல்றேன்மா, அதுவரைக்கும் நீ சொல்லாதேன்னு வார்த்தை வாங்கியிருந்தேன்.”

 அவன் பையைக் கையில் எடுத்துக்கொண்டான். இருவரும் முதல் கடைக்கே நடந்தார்கள்.

“பெரியப்பா சொல்வாரே, சரக்கு இல்ல, இல்லேன்னா… அப்புறம் என்னப்பா?”

“இல்லேன்னா, உன்னைப் பார்க்காம அவனுக்கு இருப்பு கொள்ளல.” அப்பா லேசாகச் சிரித்தார். “எங்கண்ணன் அதைக் கிண்டலாத்தான் சொன்னான்னு நினைக்கறேன்.”

கடையில் கூட்டம் குறைந்திருந்தது. குடைக்காரர் மட்டும் இன்னும் ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியே அவன், “மன்னிச்சுடுங்கம்மா” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

“ஐயா, சொல்லிட்டீங்களா?”

அப்பா தலையசைத்தார்.

“அப்பாடா!” அவள் கண் கலங்கியது. “நீங்க கத்தினதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இவர் எப்போ வாயைத் திறப்பார்னுதான் தவிச்சிட்டிருந்தேன்.”

பையை வாங்கி உள்ளே வைத்தாள். அலமாரிப் பக்கம் திரும்பியவள், நின்றாள்.

“வீட்ல கூடவே இருந்து, கையால எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தா ஒரு மாசத்துக்குத் தரலாம்னு இவரோட டாக்டர் சொல்லியிருக்கார். ஆள் இல்லேன்னா வாராவாரம்தான்.”

“அவனுக்கு ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டும்மா” என்றார் அப்பா. “நீ எப்பவும் போலக் கொடு.”

காலி அட்டை வைத்திருந்த அப்பாவின் சட்டைப் பையை அவன் பார்த்தான்.

“ஒரு மாசத்துக்குக் கொடுங்க” என்றான்.