பால் அலமாரிக்கு முன்னால் குரைத்த பெண்

லொள், லொள், லொள்!

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் குரைப்பு இன்னும் சிக்ரூனின் காதை விட்டுப் போகவில்லை.

மே மாதம் வந்தால் ஊரில் கடைசி வருஷப் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. மெக்கானிக் போடுகிற மாதிரி சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூத்தடிப்பார்கள். பந்தயம் கட்டி மரத்தின்மேல் தூங்குவார்கள், மேசைக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பள்ளி முடிகிற சந்தோஷம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அவர்களில் ஒருத்தியான மார்தே குரைத்தது பள்ளி நேரத்தில். பள்ளிக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில். கடைக்காரர் வீடியோவோடு புகார் அனுப்பிவிட்டார்.

துணை முதல்வர் சிக்ரூன் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். அந்த ஊரில் பிள்ளைகள் ஆசிரியர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"நாலு கால்ல நடந்தியா?"

"ஆமா."

"குரைச்சியா?"

"ஆமா. கொஞ்சம் நல்லாவே."

"ஒரு அம்மா கூடையைப் போட்டுட்டு ஓடினாங்களாமே?"

"ரொம்பக் கிட்ட வந்தாங்க. உறுமிட்டேன்."

"போலீஸ் பயிற்சிக்குத்தானே விண்ணப்பம் போட்டிருக்கே? போலீஸாகவா, போலீஸ் நாயாகவா?"

மார்தே களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. சான்றிதழ்ல ஒழுக்கம் 'நன்று'ன்னு இல்லேன்னா அங்கே வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"தெரியும்." குரல் இறங்கிவிட்டது. "அதுக்காகத்தான் மூணு வருஷமா பனியில ஓடிட்டு இருக்கேன்."

"அப்புறம் ஏன் இந்த வேலை? பந்தயமா?"

மார்தே கொஞ்சம் யோசித்தாள். "பந்தயம்னே வெச்சுக்கங்களேன்."

"ஒரு தடவை குரைச்சா பந்தயம் முடிஞ்சுது. ஏன் நிறுத்தல?"

"பெற்றோர் கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, சிக்ரூன்? மூளையோட முன்பக்கம்தான் பிரேக்கு, இருபத்தஞ்சு வயசுக்குத்தான் அது சரியாப் பிடிக்கும்னு. எனக்குப் பதினெட்டுதான். பிரேக்கே மாட்டாத வண்டிக்கு அபராதம் போட்டா எப்படி?"

"உன் வகுப்புல வேற யாரும் குரைக்கலையே. அவங்களுக்கெல்லாம் முன்னாடியே மாட்டிட்டாங்களா?"

மார்தே பேச்சை மாற்றினாள். நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"வீடியோவை முழுசாப் பார்த்தீங்களா?"

"அரை நிமிஷம் பார்த்தேன். அதுவே தாங்கல."

"போதும், போதும். மிச்சமும் அதேதான். ஒரே போர்."

ஒரு 'மன்னிச்சுக்கங்க' கூட இல்லை. அவள் போனதும் சிக்ரூன் முடிவு கட்டிவிட்டாள். ஒழுக்கத்துக்கு 'ஓரளவு நன்று'தான். சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மத்தியானம் காப்பியோடு உட்கார்ந்தபோது ஒரு யோசனை தோன்றியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்.

அரை நிமிஷம் தாண்டியது. சனமெல்லாம் மார்தேயைப் பார்த்துச் சிரிக்கிறது. மார்தே மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே, பால் அலமாரிக்கு அடியில், இன்னொருவரும் தரையில் முழங்கால் போட்டிருக்கிறார். வயதானவர். அலமாரியைப் பிடிக்கப் போன கை நடுங்கி நழுவுகிறது. யாரோ அந்தப் பக்கம் தலையைத் திருப்ப, மார்தே பாய்ந்து குறுக்கே வந்து தொண்டை கிழியக் குரைக்கிறாள். பெரியவரின் கை அலமாரியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கால் ஊன்றுகிறது. ஆள் மெல்ல எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போல் ஒரு பால் பெட்டியை எடுத்துக் கூடையில் போடுகிறார்.

அவர் தலையிலிருந்த நீலக் கம்பளித் தொப்பியைப் பின்னியது சிக்ரூன்தான். தன் கணவர் ஹல்வோருக்காக.

காப்பி ஆறிப் போயிற்று. மார்தேயை மறுபடி கூப்பிட்டனுப்பினாள்.

உள்ளே வந்தவள் சிக்ரூனின் முகத்தைப் பார்த்ததும் சொன்னாள். "ஐயோ. முழுசாப் பார்த்துட்டீங்க."

"கை கொடுத்துத் தூக்கி விட்டிருக்கலாமே?"

"போனேன். வேண்டாம்னுட்டார். நானே எழுந்துக்குவேன், ஆனா எல்லாரும் பார்க்கிறாங்களேன்னார். சரி, என்னைப் பார்க்கட்டும்னு..."

"ஏம்மா, காலையில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்லக்கூடாது! ஊர் பூரா வேணும்னாலும் சொல்லு, என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியவேண்டாம்னார். மறுபடி விழுந்தேன்னு தெரிஞ்சா அவ என்னைத் தனியா வெளியே விடமாட்டான்னார். சரின்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதானே?"

சிக்ரூன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"வீட்டுக்குப் போய் அவரைத் திட்டுவீங்களா?"

"திட்டாம? கொஞ்சுவாங்களா?"

"திட்டாதீங்க, சிக்ரூன். உங்களுக்குத்தான் இருபத்தஞ்சு எப்பவோ தாண்டிடுச்சே."

சாயங்காலம் வீட்டில் ஹல்வோர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இடது காலை நீட்டியே வைத்திருந்தார்.

"முழங்கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. மேசையில இடிச்சுக்கிட்டேன்."

சிக்ரூனுக்கு வாய் வரைக்கும் வந்தது. தொண்டையில் பிடித்து நிறுத்தி, அப்படியே விழுங்கினாள்.

"பாழாப்போன மேசை" என்றாள்.

மார்தேயின் சான்றிதழில் 'நன்று' என்றே இருந்தது.

ஹல்வோர் இன்னும் இரண்டு குளிர்காலம் தனியாகவே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார்.