யஹ்யாவின் பச்சைத் தாடி

தாடியிலிருந்து பச்சைக் குழம்பு ஒழுக ஒழுக, ஏரல் கடைத்தெருவில் தலைதெறிக்க ஓடினார் யஹ்யா.

"ஏலே, பாய் விஷத்தைக் குடிச்சிட்டாரு! பிடிங்கலே!" என்று அலறினான் டீக்கடை மாரிராஜ்.

"நான் ஒண்ணும் குடிக்கல, வழிய விடும்வே! அங்கன ஒரு உசுரு போகுது!"

மருதாணி என்று நினைத்துத்தான் விடிந்ததும் தாடியில் அப்பியிருந்தார். இரண்டு மணி நேரமாகியும் ஒரு முடிகூடச் சிவக்கவில்லை. குளத்து வாடைதான் வந்தது. முகர்ந்து பார்த்தார். அது அவரே தொட்டியில் வளர்த்து, காயவைத்து, சத்துப்பொடியாக விற்கும் சுருள்பாசி!

கண்ணாடி போடாமல் டப்பா அடைத்ததில் இரண்டும் மாறிவிட்டன. அப்படியானால் போன வாரம் சுடலைவடிவுக்குக் கொடுத்தது மருதாணிப்பொடி. தினம் இரண்டு கரண்டி!

போன வருடம் ரத்தசோகையில் வாழைத்தோட்டத்தில் மயங்கி விழுந்தவள் சுடலைவடிவு. இவர் பாசி கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஏழு இருந்த ரத்த அளவு ஒரே வருடத்தில் பன்னிரண்டுக்கு ஏறியது. அவளைக் காட்டித்தான் யஹ்யா ஊர் முழுக்கப் பாசி விற்றார். அவளைப் போயா கொல்வது?

நல்ல பாசி டப்பாவும் கையுமாக அவள் வீட்டு வாசலில் நுழைந்தார். டப்பாவைக் கண்டதும் கோழிகள் ஓடிவந்து காலைச் சுற்றின. உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார்.

அடுப்படியில் சுடலைவடிவு தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாக்க நீட்டுங்க!"

"காலங்காத்தால இது என்ன கூத்து பாயி? தாடியில என்ன, சாணியா?"

"நீட்டுங்கக்கா!"

நீட்டினாள். துளி சிவப்பு இல்லை. அத்தனையும் வயிற்றுக்குள் இறங்கிவிட்டதோ?

"ஆட்டோ பிடிக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். நான் குடுத்தது பாசி இல்லக்கா, மருதாணி! அல்லா மேல ஆணையா தெரியாம நடந்துபோச்சு. வயிறு வலிக்காக்கா?"

சுடலைவடிவு தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு பைய அவர் பக்கம் குனிந்தாள்.

"நீங்க சங்கடப்படுவியளேன்னுதான் இத்தன நாளும் சொல்லல பாயி... பாசியத் தின்னது கோழி. நான் தின்னது முட்டை."