வளையம் அறுந்த மதியம்

சுவிட்ச் அறைக் கதவைத் திறந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பச்சை விளக்குகள் எல்லாம் பேய் பிடித்தாற்போல் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

மருத்துவமனை முழுவதும் கம்ப்யூட்டர்கள் உறைந்து நின்றன. மேஜை போன்களும் ஊமை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் இந்த சுவிட்ச் பெட்டிகளும் நெட்வொர்க்கும் அவள் பொறுப்பு.

மூன்றாம் மாடி சிறுநீரகப் பிரிவில் அவளுடைய அண்ணன் படுத்திருந்தான். சிறுநீரகம் தர வந்தவருடைய ரத்தம் அவன் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற கடைசிப் பரிசோதனையின் முடிவு இன்று வர வேண்டும்.

லேப் டெக்னீஷியன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், மெஷின் முடிச்சிருச்சு. ரிசல்ட்தான் வெளிய வரமாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம்!"

தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ பாவம் பார்த்துச் சுவரில் செருகியிருக்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வழி. ஒன்றில் போன செய்தி இன்னொன்றில் திரும்பி வந்து, செக்குமாடாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிட்டது.

இந்த வம்பு வேண்டாமென்றுதான் ஸ்பானிங் ட்ரீ என்று ஓர் ஏற்பாடு. சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்து, அவனிடம் போக ஒரே வழியை வைத்துக்கொண்டு மிச்சத்தை மூடிவிடும். அண்மையில் வாங்கி மாட்டிய புது சுவிட்சில் அதை யாரும் இயக்கியே வைக்கவில்லை.

லேப்டாப்பைச் செருகினாள். விரல்கள் பறந்தன. புது சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீயை இயக்கினாள். எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய சுவிட்சுக்குத் தாவினாள். தலைவனைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் எண்; அது எவ்வளவு சிறியதோ, அவ்வளவு அதிகாரம். கடைக்குட்டி வைத்ததே சட்டம் என்றிருக்கும் வீடுகளைப் போல. பெரியதற்குப் பூஜ்யம் கொடுத்துத் தலைவனாக்கினாள்.

என்டர்.

ஒரே ஒரு விளக்கு ஆரஞ்சுக்கு மாறியது. அந்த வழி மூடிக்கொண்டது.

மற்றவை திகைத்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, சாவகாசமாக, மனிதர்கள் கண் சிமிட்டுவது போலச் சிமிட்டத் தொடங்கின.

"வந்துருச்சு!" என்று கத்தினாள். வெளியே எங்கேயோ பிரிண்டர்கள் கடகடத்தன. மேஜை போன் அலறியது. எடுத்துக் கேட்ட டெக்னீஷியன் அப்படியே துள்ளினார்.

"ஒத்துப்போகுதாம் மேடம்!"

அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

அதற்குள் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"யாரு குடுக்குறாங்கன்னுதான் சொல்ல மாட்டேங்குறாங்க. நல்லவேளை, நீ தர்றேன்னு அடம்புடிச்சப்ப நான் விடல. உன் மேல கத்தி பட்டா நான் தாங்குவேனா?"

"யாரோ ஒரு கிறுக்கியாம், அண்ணே" என்றாள் அவள்.

காலையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு தெரியாதபடி, சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.