ஆறாவது சுற்றில் புல் இல்லை

தலைமையாசிரியரின் சுழல் நாற்காலியில் நில அலுவலர். அதை அவருக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் தலைமையாசிரியர். அலமாரி ஓரம் அறிவியல் டீச்சர். யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தது, மாட்டுக்காரர் சங்கத் தலைவி.

மேசைமேல் டீச்சர் தைத்த துணி. அதில் நாற்பது கட்டங்கள். பச்சைப் பொத்தான் புல், பழுப்புப் பொத்தான் மாடு. ஒரு மாடு சுற்றுக்கு ஒரு புல்லைத் தின்னும். பக்கத்தில் புல் மிஞ்சியிருந்தால்தான் வெறுங்கட்டத்தில் மறுபடி முளைக்கும். எத்தனை மாடு விடுவதென்பது ஆடும் பிள்ளைகளின் இஷ்டம்.

"ஆறே சுத்து! நாப்பது கட்டமும் மொட்டை!" நில அலுவலர் துணியைத் தட்டினார். "கடைசி மணி அடிச்சுப் பசங்க போனப்புறம் நானே வந்து பார்த்தேன். விளையாட்டுலயே மிச்சம் வைக்கத் தெரியாத கூட்டம், நிஜப் புல்வெளியை விட்டுவைக்குமா? வேலி போடச் சொல்லி இன்னைக்கே எழுதறேன். இனிமே ஒரு மாடு உள்ள வரக் கூடாது."

"முந்நூறு மாடு சார். எங்க கொண்டுபோய்க் கட்டறது, உங்க வீட்டு மாடியிலயா?"

"நாக்கை அடக்கிப் பேசும்மா!"

"நீங்க பொத்தானை வச்சு எங்க பொழப்பை முடிவு பண்ணுவீங்க, நான் நாக்கை அடக்கணுமா?"

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. "சார், அன்னைக்கு வகுப்புல..."

"டீச்சர், பெரியவங்க பேசறப்ப குறுக்கே வராதீங்க" என்றார் தலைமையாசிரியர்.

தலைவி மொட்டைக் கட்டங்களையே வெறித்தார். "எங்க பசங்களா இப்படி ஆடினாங்க? எந்தப் புல்லை எப்ப விடணும்னு நடக்கப் பழகும்போதே காட்டிக் கொடுத்தோமே! வரட்டும் வீட்டுக்கு, முதுகுத் தோலை உரிக்கிறேன்."

"அடிச்சிடாதீங்கம்மா, நான் சொல்றதை..."

"டீச்சர்!" இரண்டு ஆண்களும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

தலைவி அறைந்து சாத்திய வேகத்தில் கதவுத் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது.

"நீங்க தைச்ச விளையாட்டு. கடிதத்தையும் நீங்களே எழுதுங்க" என்றார் நில அலுவலர்.

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க சார்."

"கேட்டது போதும். சொல்லச் சொல்ல எழுதுங்க."

பேனா முனை குத்தி இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது தாளில்தான் கடிதம் முழுதாக முடிந்தது.

"மேலிடத்துல ஆதாரம் கேட்பாங்க" என்றார் நில அலுவலர். "யார் யார் ஆடினாங்க, எத்தனை மாடு விட்டாங்க, அப்பா என்ன தொழில்னு ஒரு பட்டியல் போட்டு இணைச்சிடுங்க. ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது."

டீச்சர் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணும் விடாம எழுதறேன் சார்."

இருவரும் காபியிலிருந்து கண் எடுக்காமல், அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். உறையை அவளே மடித்தாள், பசை தடவினாள், உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், முத்திரை வைத்தாள். பியூனின் பைக் மாவட்ட அலுவலகம் நோக்கித் தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

உறைக்குள் இருந்த பட்டியலில் மொத்தம் ஆறே பேர்; அதிகமாக மாடு விட்டது நில அலுவலரின் மகன், பதினொன்று, அடுத்து தலைமையாசிரியரின் மகள், ஒன்பது. அடியில் ஒரு குறிப்பு: 'மாட்டுக்காரர் பிள்ளைகள் அன்று ஒருவரும் வரவில்லை; இந்தப் பக்கத்துப் புல் மறுபடி தழைக்கட்டும் என்று மந்தையை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரை போயிருந்தார்கள்.'