கை படாத கார்

பேரின்பநாதனின் காரை இந்த முறை போட்டியில் நிற்க விடுவதில்லை என்று றெக்ஸ் முடிவெடுத்தது நவம்பரில், முதல் பனி விழுந்த கிழமை.

காரென்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இசெற்றா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய கார் வாங்க வழியில்லாமல் ஐரோப்பியர் ஓட்டித் திரிந்த முட்டை வடிவ வண்டி. ஒரே ஒரு கதவு, அதுவும் முகத்தில். குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்துகொண்டு ஏற வேண்டும். இரண்டு பேர் ஏறிவிட்டால் ஓர் அரிசிப் பைக்குக்கூட இடமிருக்காது.

இதற்கெல்லாம் மொன்றியலில் ஒரு சங்கம். அதில் தமிழர் இரண்டே பேர், பேரின்பநாதனும் றெக்ஸும். இரண்டு பேரிடமும் இசெற்றா. ஆகவே இரண்டு பேருக்கும் ஆகாது. வெளியில் மட்டும் அண்ணை, தம்பி.

மே மாதக் கண்காட்சியில் ‘கை படாத கார்’ என்று ஒரு பரிசு உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்ததெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஓர் ஆணி மாறினாலும் போச்சு. துரு இருந்தால் இன்னும் விசேஷம். பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள் முழங்காலில் நின்று, ரோச் லைற் அடித்து, அந்தத் துருவைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். வீட்டில் மனைவி காய்ச்சலில் படுத்தாலும் இவர்கள் கண் கலங்கி யாரும் கண்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் பரிசு பேரின்பநாதனுக்குத்தான். றெக்ஸின் காரில் துரு கொஞ்சம் குறைவு. அதை நினைத்து நினைத்து அவனுக்குச் சாப்பாடே இறங்குவதில்லை.

பனி உருகத் தெருவில் கொட்டும் உப்பு இந்தக் கிழட்டு வண்டிகளைத் தின்றுவிடும் என்று குளிர்காலம் முழுக்க இரண்டையும் இல்-பிசார் தீவில் ஒரு வாடகைக் கொட்டகைக்குள் உறை போட்டு வைப்பார்கள். நடுவில் கதவைத் திறந்தால் ஈரம் புகுந்துவிடுமாம். அதனால் மே வரை இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை. துருவைக் கொண்டாடுகிறவர்களுக்கு ஈரத்தில் என்ன பயம் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

றெக்ஸுக்கு அந்த இடைவெளி போதும். ஆனால் தன் கை அதில் படக் கூடாது. லவாலில் நடந்த ஒரு கலியாண வீட்டில் பேரின்பநாதனின் மனைவி புஷ்பவதியைத் தனியாகப் பிடித்தான். கொஞ்ச நேரம் அவள் காதுக்குள் ஏதோ சொன்னான்.

“அவர் அறிஞ்சால்?” என்றாள் புஷ்பவதி.

“மே மாதம் வரைக்கும் அறியமாட்டார், அக்கா. ஆனா என்ர பேர் வெளியில வரக் கூடாது.”

“ஆர் ஏத்திக்கொண்டு போறது?”

“அன்டன் எண்டு ஒரு பெடியன். ஏன் எதுக்கெண்டு கேக்கமாட்டான்.”

புஷ்பவதி சுற்றும் முற்றும் பார்த்தாள். கணவனின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கிய கார் அது. அதைப் பற்றி அவளிடம் அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பொம்பிளைகளுக்கு என்ன விளங்கும் என்பது அவர் எண்ணம். றெக்ஸின் எண்ணமும் அதுதான்.

“சாவியை நான் தாறன்,” என்றாள்.

ஜனவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், அன்டனின் மூடு லொறி கொட்டகை வாசலில் வந்து நின்றது. அந்த நேரம் றெக்ஸ் கர்க்லாண்டில் பேரின்பநாதன் வீட்டுச் சோபாவில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மொன்றியலில் கார்க் களவு கூடிவிட்டது என்று பேரின்பநாதன் கவலைப்பட்டார். எங்கட கொட்டகைக்கு ஆர் வரப்போகினம் அண்ணை என்று றெக்ஸ் ஆறுதல் சொல்லி, இன்னொரு றோல்ஸ் எடுத்தான். வெட்கம் கெட்ட பிறவி.

மே மாதம் வந்தது. கண்காட்சி அன்று காலையில் காரை எடுக்க இரண்டு குடும்பமும் கொட்டகைக்குப் போயின. பேரின்பநாதனுக்கு அன்று அறுபது வயது. பெண்கள் கேக்கோடு வந்திருந்தார்கள். பேரின்பநாதன் உறையை மெதுவாகத் தூக்கினார்.

கார் அங்கேதான் நின்றது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும்போல் புதுச் சிவப்புப் பெயின்ற். புது இருக்கை, புதுப் பம்பர். துரு மருந்துக்கும் இல்லை.

“உங்கட பிறந்தநாளுக்கு,” என்றாள் புஷ்பவதி. “உந்தக் கறல் பிடிச்ச காரோட சபையில நிக்கிறியள் எண்டு எனக்கு எவ்வளவு மனவருத்தம் தெரியுமே?”

பேரின்பநாதன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று பெண்கள் கை தட்டினார்கள்.

அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் காரைப் புதுசாக்கிக் கொடுங்கோ என்று காதில் போட்டதோடு றெக்ஸின் வேலை முடிந்திருந்தது. களவில்லை, கேசில்லை. பரிசு இனி அவனுக்குத்தான். பேரின்பநாதன் அழுவதில் ஒரு துளியையும் தவறவிட மனமில்லாமல், அவர் முகத்தைப் பார்த்தபடியே தன் காரின் உறையைப் பிடித்து இழுத்தான்.

பேரின்பநாதன் அழுகையை நிறுத்தினார். றெக்ஸின் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

“புஷ்பவதி அக்கா தன்ர மனிசனுக்குச் செய்யேக்க நான் சும்மா இருந்தால் சனம் என்ன சொல்லும்?” என்றாள் றெக்ஸின் மனைவி பிரஷாந்தினி பெருமையாக. “அதுதானப்பா, அன்டனிட்டச் சொல்லி உங்கடையையும் சேர்த்தே பெயின்ற் அடிப்பிச்சனான்.”