பதினேழாம் எண்

வெளிநாட்டுக் கல்லூரியில் முன்வரிசையிலேயே உட்கார்ந்தும் அவனுக்கு எப்போதும் இரண்டாமிடம்தான்.

முதலிடம், வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் படிக்கும் பதினேழாம் எண்ணுக்கு. பேராசிரியர் கேள்வியை முடிக்குமுன் திரையில் பதினேழின் பதில் வந்து விழும். முகமும் பெயரும் தெரியாத அந்த எண்ணை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

அம்மாவிடம் போனில் புலம்பினான். "கடல் தாண்டி வந்து நான் கஷ்டப்படறேன். எவனோ வீட்ல சொகுசா உக்காந்துக்கிட்டு முதலிடத்தைத் தட்டிட்டுப் போறான்மா!"

"அவன் வீட்ல என்ன கஷ்டமோ, விடுடா."

பரிசு அறிவித்த அன்று, பேராசிரியர் பதினேழிடம் கேமராவைப் போடச் சொன்னார்.

துணிக்கடைச் சீருடையோடு திரையில் தெரிந்தவள், அவன் படிப்புச் செலவுக்காக ஊர்க் கல்லூரியிலிருந்து நிறுத்தப்பட்ட அவனுடைய தங்கை.

மறுநிமிடமே அவன் போனுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடாதண்ணா. மறுபடியும் நிறுத்திடுவாரு."