இருபது கிலோ

"டாக்டரம்மா நாப்பது கிலோன்னாவ. நான் இருபதே போதும்னேன். எலும்பு கூடிட்டுல்லா?"

கருப்பட்டி வாங்க வந்த ஆவுடையப்பனிடம் வலது காலைத் தட்டிக் காட்டினார் மண்டிக்காரர் மகாராஜன்.

ஆறு மாதத்துக்கு முன்பு துறைமுகச் சாலையில் லாரி உரசி முறிந்த கால். உள்ளே கம்பி வைத்தும் எலும்பு கூடவில்லை.

டாக்டர் ஆக்னஸ் போன தடவை விளக்கினார். எலும்புக்குள் எடையை உணரும் செல்கள் உண்டு. காலை ஊன்றாவிட்டால் அவை ஒரு புரதத்தைச் சுரந்து, எலும்பைக் கட்டும் செல்களை நிறுத்திவைக்கும். எடை விழ விழப் புரதம் குறையும், கட்டுமானம் தொடங்கும். கம்பி தாங்கும், தினமும் நாற்பது கிலோ ஊன்றுங்கள். இல்லையென்றால் மறுபடி ஆபரேஷன்தான்.

ஆபரேஷன் என்றாலும் பயம். ஊன்றினால் கால் ஒடிந்துவிடும் என்று அதைவிடப் பயம். இருபதுக்கு மேல் ஒரு கிலோ கூடாது என்று மகாராஜன் முடிவு கட்டிவிட்டார்.

கடையில் மூட்டை நிறுக்கும் தராசில்தான் தினமும் ஊன்றினார். எண் தெரியும் பக்கம் வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது முப்பது வருடமாக அவர் வைத்திருக்கும் சட்டம். தன் காலுக்காக அதைத் திருப்ப மனம் வரவில்லை. மனைவி இந்துமதி அந்தப் பக்கம் நின்று வாசித்தாள்.

"பதினஞ்சு... இன்னும் அழுத்துங்க... இருபது. போதும்."

முதல் வாரம் சட்டென்று வந்த இருபது, போகப்போக கூடுதலாக அழுத்தினால்தான் வந்தது. கால் தேறுவதால் பாரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இன்று காலை எடுத்த எக்ஸ்ரே படத்தில், முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு.

"இரும், காட்டுதேன்." மகாராஜன் தராசில் காலை வைத்து வழக்கம்போல அழுத்தினார். "பாத்துச் சொல்லும். இருபதுல நிக்கும்."

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பத்திரெண்டுல்லா காட்டுது, அண்ணாச்சி."

மகாராஜன் காலை எடுக்கவில்லை.

உள்ளே ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்த இந்துமதியின் கை நின்றது.

"எவ்வளவு காட்டுது?" திரும்பாமலே கேட்டாள்.

முப்பது வருடத்தில் மகாராஜன் வாயில் தப்பான எடை வந்ததில்லை.

"இருபதுதாம்ளா," என்றார்.